அணி மாறும் மனநிலை

ஞானப்பேரொளி பொறியியல் கல்லூரியில் எதுவும் கட்டாயம் கிடையாது. எல்லாவற்றையும் ஊழியர்கள் தாங்களாக விரும்பித்தான் செய்தார்கள். விரும்பாதவர்கள், தங்களுக்கு ஏன் விருப்பமில்லை என்பதை முதல்வர் அறைக்கு வந்து, நின்றபடியே விளக்கினால் போதும். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அப்படி விளக்கப் போனவர் யாருமில்லை. ஆகவே இங்கே எல்லோருக்கும் எல்லாமே விருப்பம் என்று நிர்வாகம் பெருமையோடு சொல்லிக்கொண்டது.

படூரில், பழைய மகாபலிபுரம் சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கட்டியிருந்த அந்தக் கல்லூரியில் ரெபேக்காள் நூலகராக இருந்தாள். செங்கல்பட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் திருப்போரூர் வழியாக வந்துபோவாள். அவளுடைய அப்பா கருங்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். புத்தகம் அடுக்குவதற்கு மகளுக்கு யாரோ சம்பளம் தருகிறார்கள் என்பதை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. ரெபேக்காள் வேலைக்குச் சேர்ந்தபோது நூலகம் என்று இருந்தது மூன்றாம் மாடியில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்தான். ஒவ்வொன்றாக அவளே பிரித்தாள். அலமாரி கேட்டு நடையாய் நடந்தாள். மின்விசிறிக்காக ஒருமுறை அழுதாள். இப்போது அங்கே பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப்பேர் தூங்கத்தான் வந்தார்கள் என்றாலும், தூங்குவதற்குத் தன் இடத்தைத் தேடி வருகிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷம்தான்.

இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில், மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சற்று முன்பு, எல்லோரும் விரும்பிச் செய்ய வேண்டிய புதிய காரியம் ஒன்று சுற்றறிக்கையாக வந்தது. தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதால் ஊழியர்களுக்கு மன அழுத்தம் ஏற்பட்டிருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளதாம். அழுத்தத்தைக் குறைக்க, கற்பனைக் கிரிக்கெட் போட்டி நடத்தப்படுமாம். உலகக் கோப்பையில் ஆடும் வீரர்களிலிருந்து பதினோரு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு அணி அமைக்க வேண்டும். அந்த வீரர்கள் அங்கே நிஜமாக எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் இங்கே அணிக்குப் புள்ளிகள். வாரம் ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் நல்லிணக்கத்தை வளர்க்கும் பொருட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆசிரியரும் ஆசிரியரல்லாத ஒருவரும் கூட்டு உரிமையாளர்களாக இருப்பார்கள். அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

குலுக்கலில் ரெபேக்காளுக்குக் கணிதத்துறை சுப்புராமன் வந்தார்.

சுப்புராமன் திருக்கழுக்குன்றத்துக்காரர். ஒல்லி. யாரிடமும் வம்புக்குப் போகாதவர். வகுப்பில் கரும்பலகையிடம் பேசுவார், வெளியே தரையிடம் பேசுவார் என்று பையன்கள் சொல்வார்கள். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு நூலகத்துக்கு வந்தவர், ரெபேக்காள் எழுதி வைத்திருந்த அணியைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்த கிரிக்கெட், வீட்டுக்காரன் வாசுதேவன் டிவி முன்னால் உட்கார்ந்து திட்டுகிற திட்டிலிருந்து தெரிந்துகொண்ட கிரிக்கெட். அவன் யாரை அதிகமாகத் திட்டுவானோ அவர்களையெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் என்று எண்ணி எழுதியிருந்தாள்.

"மேடம், பிடிச்சவங்க பிடிக்காதவங்கன்னு இதுல ஒண்ணும் கிடையாது. எல்லாம் நம்பர்தான்" என்றார் சுப்புராமன்.

நூலகக் கணினியில் அவர் ஓர் எக்செல் தாளைத் திறந்தார். கல்லூரியில் இணையம் முதல்வர் அறையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே நூலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய செய்தித்தாள்களை எடுத்து, ஸ்கோர் விவரங்களை ரெபேக்காள் படிப்பாள். அவர் தட்டுவார். கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒருவன் என்ன எடுத்தான், எந்த மைதானத்தில் எடுத்தான், யார் பந்துவீச்சில் திணறினான், காயம்பட்டுத் திரும்பி வந்தவனா, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு எடை என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு பொத்தானைத் தட்டினால் வீரர்கள் எல்லாரும் மேலும் கீழுமாக நகர்ந்து வரிசையில் நிற்பார்கள். மேலே நிற்பவன் உள்ளே, கீழே நிற்பவன் வெளியே.

முதல் வாரம் ரெபேக்காளுக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டாவது வாரம் பிடித்துப்போயிற்று. சாப்பிடும்போதே இருவரும் எடையைப் பற்றி வாதாடினார்கள். காயத்துக்கு இன்னும் எடை கூட்ட வேண்டும் என்பாள் அவள். மைதானம்தான் முக்கியம் என்பார் அவர். அவள் கொண்டுவரும் கருவாட்டுத் தொக்கின் வாசனைக்கு முதலில் நாற்காலியைத் தள்ளிப் போட்டவர், பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு அதே இடத்தில் உட்காரப் பழகினார். திருக்கழுக்குன்றத்து வீட்டில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லிச் சிரித்தார். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அவளிடம் சொன்னார். அந்தக் கல்லூரியில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆசிரியர்களுக்குத் தனி அறை, மற்றவர்களுக்கு மாடிப்படி என்பது எழுதப்படாத விருப்பம்.

அப்படி ஒரு மதியம்தான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். மதுராந்தகம் பக்கம் ஒரு கல்லூரியில் தலைமை நூலகர் பதவிக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். சம்பளமும் கூட. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்தப் பெட்டிகளையெல்லாம் பிரித்தது நான் சார், இத விட்டுட்டு எங்க போறது என்றாள். வாசுதேவனுக்குத் தெரிந்தால் குதிப்பான். மகள் ஜாய்ஸுக்குக் காலேஜ் சேர்க்கிற நேரம், வந்த வேலையை உதறியிருக்கிறாளே என்று மாதக்கணக்கில் முறைப்பான். அதனால் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றாள். சுப்புராமன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்றார்.

தாளாளர் பன்னீர்செல்வத்துக்கும் ஓர் அணி இருந்தது. அவர் செங்கல் சூளையில் தொடங்கிக் கல்வியில் கரையேறியவர். படூரில் பொறியியல் கல்லூரி, கருங்குழியில் பாலிடெக்னிக் என்று அறக்கட்டளைக்கு இரண்டு நிறுவனங்கள். தேசப்பற்றின் காரணமாக, அவர் அணியில் பதினோரு பேரும் இந்தியர்கள். முதல்வர் ஸ்ரீனிவாசராகவனின் அணியும் அதேதான். தாளாளருக்குச் சமமாக இருந்துவிடக் கூடாதே என்று, அதில் ஒரே ஒருவரை மட்டும் மாற்றி, ஆடவே ஆடாத ஒருவரைச் சேர்த்திருந்தார்.

மார்ச் முடிவதற்குள் இந்தியா முதல் சுற்றிலேயே தோற்று மூட்டையைக் கட்டியது.

நாடு அழுதது. ஞானப்பேரொளியில் அவசரக் கூட்டம் கூடியது. தாளாளர் அணியில் இனி ஆடுவதற்கு ஆளே இல்லை என்ற நிலையை எப்படி எதிர்கொள்வது என்று துறைத்தலைவர்கள் கூடி ஆலோசித்தார்கள். போட்டியை நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். போட்டி மன அழுத்தத்துக்காக நடப்பது, மன அழுத்தம் இன்னும் இருக்கிறது என்று அது நிராகரிக்கப்பட்டது. கடைசியில் முதல்வரே வழி கண்டார்.

"நன்னா யோசிச்சுப் பாருங்கோ. அவா யாரும் வேலையை விட்டுப் போகலை. ஆத்துக்குத்தான் போயிருக்கா. நம்ம ஸ்டாஃப் கருத்தரங்குக்குப் போனா ஆன் டியூட்டி போடறோமோ இல்லையோ?"

அதன்படி, தாளாளர் அணியின் வீரர்கள் அனைவரும் பணி நிமித்தம் வெளியே சென்றிருப்பதாகக் கருதப்பட்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர்களுடைய ஆயுட்காலச் சராசரி புள்ளியாக வழங்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவில் அவரவர் வீட்டில் படுத்திருந்தவர்கள் படூரில் ரன் குவிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் அம்மைநோயோடு அரைச்சதம் அடித்ததாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது.

அப்படியும் தாளாளர் அணி இரண்டாம் இடத்துக்குத்தான் வந்தது. முதலிடத்தில் சுப்புராமன், ரெபேக்காள் அணி. அவர்களுடைய எக்செல் தாள், இந்தியா தோற்பதற்கு முன்பே இந்தியர்களை ஒவ்வொருவராகக் கீழே தள்ளி, ஆஸ்திரேலியர்களையும் இலங்கைக்காரர்களையும் மேலே ஏற்றியிருந்தது. இருவருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நாட்டின் வீரர்களை நாட்டுக்கு முன்பாகவே கைவிட்டது ஏன்? தாங்கள் கைவிடவில்லை, கருவிதான் கைவிட்டது என்று சுப்புராமன் பதில் எழுதினார். அப்படியானால் கருவி நேரில் வந்து விளக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

நூலகக் கணினியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்று மாடி இறக்கி, முதல்வர் அறைக்குக் கொண்டுபோனார்கள். ரெபேக்காள் பின்னாலேயே ஒயர்களைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே தாளாளரே உட்கார்ந்திருந்தார். சுப்புராமன் பொத்தானைத் தட்டினார். வீரர்கள் மேலும் கீழும் நகர்ந்தார்கள். தாளாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். இன்னொருமுறை தட்டச் சொன்னார்.

"இன்னா சாரே, யாரத் தூக்கணும்னு இந்தப் பொட்டியே சொல்லிடுமா?"

சொல்லும் என்றார் சுப்புராமன். தரவு கொடுத்தால் எதையும் சொல்லும்.

 தாளாளரின் கண் கலங்கியிருந்ததை ரெபேக்காள் பார்த்தாள்.

"நான் மனசு இளகுனவன் சார். ஒருத்தன வேலைய வுட்டு அனுப்புனா அவன் பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிகினு வந்து வூட்டாண்ட நின்னு அழுவுது. எனக்கு அன்னிக்கு ஃபுல்லா சோறு எறங்காது. பொட்டி சொல்லிச்சுன்னு வெச்சிக்கோ, யாராண்ட போயி அழுவாங்க? இத்தினி வருசமா இது எங்க கெடந்துது?"

இப்படித்தான் ஞானப்பேரொளி பகுப்பாய்வு மையம் பிறந்தது. நல்ல நாள் பார்த்து, கணினிக்கு மாலை போட்டு, திரையில் குங்குமம் வைத்து, சக்கரமில்லாத அந்தப் பெட்டிக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். மையத்துக்கு இடம் நூலகம்தான். கருவிக்குக் குளிர் வேண்டும் என்று ஏசி வந்தது. வாசிப்பு மேசைகள் வெளியேறின. மாணவர்களின் உடற்சூடு கருவிக்கு ஆகாது என்று கதவு பூட்டப்பட்டது. நூலகத்துறை பகுப்பாய்வுப் பிரிவோடு இணைக்கப்பட்டதாகவும், பிரிவின் இயக்குநர் சுப்புராமன், உறுப்பினர் ரெபேக்காள் என்றும் சுற்றறிக்கை வந்தது. அவளுடைய மேசை வராந்தாவில் போடப்பட்டது. புத்தகம் கேட்டு வருகிற பையன்களைத் திருப்பி அனுப்புவது அவள் வேலை.

ரெபேக்காளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. இதெல்லாம் தரமதிப்பீட்டுக் குழு வந்துபோகும்வரை போடுகிற வேஷம் மேடம், அப்புறம் உங்க நூலகம் உங்களுக்கே என்று சுப்புராமன் சொல்லியிருந்தார். அவள் வராந்தாவில் உட்கார்ந்தபடியே செய்தித்தாளைப் பார்த்து ஸ்கோர்களைக் குறித்து, மாலையில் அவரிடம் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வருவது நின்றிருந்தது. உள்ளே வேலை அதிகம் என்றார். இயக்குநர் வெளியே வராந்தாவில் சாப்பிட்டால் நன்றாயிருக்குமா என்று அவளே அவருக்காக யோசித்துச் சமாதானமானாள்.

உள்ளே என்ன வேலை என்பது ஏப்ரல் கடைசியில் தெரிந்தது. அனைத்து ஊழியர்களும் விரும்பிக் கலந்துகொள்ளும் சிறப்புக் கூட்டம் கலையரங்கத்தில் நடந்தது. மேடையில் பெரிய திரை. முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். வீரர்களை எடை போட்ட அதே கருவி, இப்போது ஊழியர்களை எடை போட்டிருக்கிறது என்று அறிவித்தார். ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக நிற்கும் ஒருவர் கருங்குழி பாலிடெக்னிக்குக்கு அணி மாற்றப்படுவார். இது தண்டனை அல்ல, வியூகம்.

பாடம் நடத்துகிறவர்கள் மட்டையாளர்கள். தேர்வு வைக்கிறவர்கள் பந்துவீச்சாளர்கள். வேதியியல் லதா ஒவ்வொரு பருவத்திலும் பாதி வகுப்பைத் தோற்கடிப்பவர். அத்தனையும் விக்கெட்டுகளாகக் கணக்கிடப்பட்டு, கல்லூரியின் சிறந்த வேகப்பந்து வீச்சாளராக அவர் அறிவிக்கப்பட்டார். லதா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எழுந்து நின்று கும்பிட்டார். யாரையும் தோற்கடிக்காத இயற்பியல் ஆசிரியர் ஒருவர், விக்கெட் எடுக்கத் திராணியற்றவர் என்று கருங்குழிக்கு எழுதப்பட்டார். பேருந்தும் ஓட்டி மோட்டாரும் பழுதுபார்க்கும் ஓட்டுநர் ஆல்ரவுண்டர். கேட் வாட்ச்மேன் விக்கெட் கீப்பர். முதல்வர் அணித்தலைவர் என்பதால் அவர் எடுக்கும் புள்ளி இரண்டு மடங்கு. முதல் கணக்கில் அவருக்குப் பூஜ்ஜியம் வந்திருந்தது. இரண்டு மடங்காக்கியும் அது மாறாததால், பிறகு சுற்றறிக்கைகளுக்குப் பவுண்டரி என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட்டிருந்தது.

ஒவ்வொருவர் முகமும் திரையில் வந்துபோயிற்று. பகுப்பாய்வுப் பிரிவின் முறை வந்தது. அந்தப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர்தான் என்பது ரெபேக்காளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளுடைய பாஸ்போர்ட் புகைப்படம் சுவர் உயரத்துக்கு நின்றது. கீழே கட்டங்கள். ஏப்ரல் மாதத்தில் வழங்கப்பட்ட புத்தகங்கள்: இல்லை. வாசகர் வருகை: இல்லை. கதவைப் பூட்டியது யார் என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். கடைசிக் கட்டம் சிவப்பில் இருந்தது. அணி மாறும் மனநிலை: மிக அதிகம். ஆதாரம்: மதுராந்தகம் கல்லூரியுடன் பேச்சுவார்த்தை.

அரங்கம் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே இயக்குநர் நாற்காலியில் சுப்புராமன் தரையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

படூரில் அந்த விஷயம் தெரிந்தவர் அவளைத் தவிர ஒருவர்தான். போகமாட்டேன் என்று சொன்னதைத்தான் அவரிடம் சொன்னாள். அது எந்த இடத்தில் போவேன் என்று மாறியது?  அவர் பழகிக்கொண்ட தொக்கு வாசனை, திறந்த ஜன்னல், காயத்துக்கு எடை கூட்டச் சொல்லி அவள் போட்ட சண்டை, எல்லாம் அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தன.

முதல்வர் மேலே படித்தார். நூலகர் ஒருவர் கருங்குழிக்கு. அவருக்குப் பதிலாக, பாலிடெக்னிக்கை நடத்தும் தாளாளரின் மருமகன், தண்ணீர் லாரி ஒன்றை ஓட்டுநரோடு படூருக்குத் தருகிறார். கோடைக்காலத்தில் விடுதிக் கிணறுகள் உப்பாகிவிட்ட நிலையில் இது மிகச் சிறந்த பரிவர்த்தனை என்று கருவி கருதுகிறது. அரங்கம் கைதட்டியது. குறிப்பாக விடுதிக் காப்பாளர்.

கருங்குழியில் நூலகம் கிடையாது. விண்ணப்பப் படிவம் விற்கும் ஜன்னலில் உட்கார வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கல்லூரிப் பேருந்து திருப்போரூர் தாண்டும்போதே தகவல் கொடுத்தது சுப்புராமன்தான் என்பதையும் சேர்த்து, செய்தி செங்கல்பட்டை எட்டியிருந்தது. பேருந்தில் வரும் கிளார்க் ஒருவரின் தம்பி வாசுதேவனோடு தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ரெபேக்காள் செருப்பைக் கழற்றும்போது வாசுதேவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். டிவி அணைந்திருந்தது. மாற்றல் போட்டதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"மதுராந்தகத்துல கூப்ட்டாங்களாமே. எப்போ?"

ஜனவரியில் என்றாள்.

"யாரோ ஒரு கணக்கு வாத்தியாராண்ட சொல்லிகீற. கட்டுனவன்கிட்ட சொல்லணும்னு தோணல, இல்ல?"

அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவில்லை. ஜாய்ஸ் நடுவில் வந்து நின்று இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரம் முழுதும் அந்த வீட்டில் தேவையான வார்த்தைகள் மட்டுமே பேசப்பட்டன. மதுராந்தகத்துக்கு ஒருமுறை போன் செய்து பார்த்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

உலகக் கோப்பையை ஆஸ்திரேலியா வென்றது. ஞானப்பேரொளியின் கற்பனைக் கோப்பையைச் சுப்புராமன், ரெபேக்காள் அணி வென்றது. பரிசளிப்பு, மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதியில், அறக்கட்டளையின் ஆண்டுவிழாவோடு நடக்கும். கூட்டு உரிமையாளர் இருவரும் மேடையேறினால்தான் நல்லிணக்கம் நிறைவேறும். அதுவரை ரெபேக்காளின் பணிவிடுவிப்பு ஆணையில் கையெழுத்தாகாது என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போகவேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள். வாசுதேவன்தான், போ, நான் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றான். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவன் அவளிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

விடுதியின் புல்வெளியில் மேடை. கடல் சத்தத்தில் யார் பேசுவதும் முழுதாகக் கேட்கவில்லை. தாளாளர் நீண்ட உரை ஆற்றினார். இந்த நிறுவனத்தில் ஒவ்வோர் ஊழியனின் நாடித்துடிப்பும் தனக்குத் தெரியும் என்றார். பொட்டி வந்த பிறகு, யார் என்ன நினைக்கிறார்கள் என்பது அவர்கள் நினைப்பதற்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிடுகிறது என்றார். இதை ஒரு குடும்பமாகத்தான் நடத்துகிறேன், குடும்பத்தில் தேவையில்லாதவர்களை வைத்துக்கொண்டால் குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது.

பெயர் வாசிக்கப்பட்டதும் ரெபேக்காள் மேடையேறினாள். பக்கத்தில் சுப்புராமன். கோப்பையின் ஒரு காதை அவர் பிடித்தார், மறு காதை அவள் பிடித்தாள். புகைப்படக்காரர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். தாளாளர் நடுவில் வந்து, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ எந்த டிபார்ட்மெண்டும்மா?"

லைப்ரரி என்றாள்.

"நம்மளுக்கு லைப்ரரி கீதா?" என்று தாளாளர் முதல்வரைக் கேட்டார். முதல்வர் உடனே, இருந்தது சார் என்றார்.

படம் எடுத்து முடிந்ததும், கோப்பை கல்லூரியின் அசையும் சொத்து என்று அலுவலக உதவியாளர் வந்து இருவர் கையிலிருந்தும் அதை வாங்கிக்கொண்டு போனார். பணிவிடுவிப்பு ஆணை அவள் கையில் கொடுக்கப்பட்டது.

அவள் படியிறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தாள். சுப்புராமன் பின்னாலேயே வந்தார். மேடம், மேடம் என்று கூப்பிட்டார். அவள் நின்றாள்.

மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வதென்று வாரக்கணக்காக யோசித்து வைத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கினார். செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் இருபது ஓவர் உலகக் கோப்பை வருகிறது என்றார். தாளாளர் அதற்கும் போட்டி நடத்தச் சொல்லியிருக்கிறார். கருங்குழியிலும் செய்தித்தாள் வரும் அல்லவா, மாலையில் ஸ்கோரை மட்டும் போனில் படித்தால் போதும். புதிதாக யாரைச் சேர்த்தாலும் இவ்வளவு ஒழுங்காக வராது.

"நம்ம டீம் மாதிரி அமையாது மேடம். சத்தியமாச் சொல்றேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கயவனைப் பார்ப்போம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். எதிரே நின்றது, அவளோடு சாப்பிட்ட மதியங்களை நிஜமாகவே இழந்துவிட்ட மனிதர்.

"என்னத் தூக்குனது பொட்டியா சார், நீங்களா?"

சுப்புராமன் மணலைப் பார்த்தார். பிரிவுக்கு ஒருவர் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரிவில் இருந்ததே நாம் இருவர்தான். முதல்முறை பொத்தானைத் தட்டியபோது அவர் பெயர்தான் கீழே வந்ததாம். எடையை மாற்றி மாற்றிப் பார்த்தாராம். அவளுடைய வருகை, ஒழுங்கு, வேலை எல்லாம் மேலேயே நின்றது.

"ஏதாவது ஒரு கட்டத்துல உங்களுக்குக் குறையணும். உங்களப் பத்தி எனக்கு வேற எந்தக் கெட்டதும் தெரியாது மேடம். அது ஒண்ணுதான் தெரியும்."

கடல் ஒருமுறை வந்து போயிற்று. அங்கே மேடையில் யாரோ அடுத்த பரிசுக்குப் பெயர் வாசித்தார்கள்.

ரெபேக்காள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

"நீங்களும்தான் என்னாண்ட எவ்வளவோ சொல்லியிருக்கீங்க சார்" என்றாள். "நான் எந்தக் கட்டத்துலயும் போடல."

 அவள் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள்.

வாசுதேவன் வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். கோப்பை எங்கே என்று அவன் கேட்டான். திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்றாள். அவன் சாவியைத் திருகினான்.

"திங்கக்கிழமைலர்ந்து கருங்குழி பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு விசாரிச்சி வெச்சிகீறேன்" என்றான். "பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கொண்டாந்து வுடறேன்."

சரி என்றாள். வண்டி திருக்கழுக்குன்றத்தை எட்டியது. ஊருக்குள் கடைகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், தன் சட்டையின் முதுகுப்பக்கம் நனைவதை உணர்ந்து, வாசுதேவன் வேகத்தைக் குறைத்தான். நிறுத்தவா என்று கேட்டான். வேணாம், நிக்காத, போய்க்கினே இரு என்றாள் ரெபேக்காள்.